ஈஸ்ற் ஹில் வாத்தியார்

விளையாட்டு வரலாறு என்றால் எங்கள் ஆட்களுக்கு வீரர்களின் வரலாறுதான். யார் எத்தனை ஓட்டம் எடுத்தது, யார் எத்தனை விக்கெற் விழுத்தியது, எந்த வருட பிக் மச்சில் யார் சதம் அடித்தது... இலண்டனில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் பழைய மாணவர் நாலுபேர் ஒரு மேசையில் இருந்தால் போதும், எழுபதுகளின் ஸ்கோர் புத்தகம் முழுவதும் வெளியில் வந்துவிடும். ஆனால் அந்தப் பொடியளைப் பழக்கிவிட்ட மாஸ்ரரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் பட்டப்பெயரைச் சொல்வார். இன்னொருவர் அவர் ஓடித்திரிந்த றலி சைக்கிளைப் பற்றிச் சொல்வார். முழுப்பெயர் வராது.

இது எங்கள் ஊர்க்குறை மட்டுமல்ல. கிரிக்கெற்றைக் கண்டுபிடித்த இந்த நாட்டிலும் கதை கிட்டத்தட்ட இதுதான். தென் இலண்டனில் வாழும் தமிழர்கள் தினமும் கடந்துபோகும் ஒரு தெருவில், ஐம்பது வருடங்களுக்கு மேலாகக் கிரிக்கெற் சொல்லிக் கொடுத்த ஒருவர் இருந்தார். அவரைப்பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன்.

பெயர் அல்ஃப் கோவர். இடம் வோண்ட்ஸ்வேர்த் ஈஸ்ற் ஹில். கிளப்பம் ஜங்சனிலிருந்து புட்னிப் பக்கம் போகும் 37ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் அந்த இறக்கம் வரும். இரவு வேலை முடித்து, கண் சொருகச் சொருக அந்த பஸ்ஸில் நான் போன நாட்கள் ஏராளம். நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தது 1989இல். கோவர் தன்னுடைய பள்ளியை விற்றுவிட்டு ஓய்வுபெற்றதும் அதே 1989இல்தான். ஆகவே அந்தக் கதவுக்குள் போய்ப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. அவரைப்பற்றி நான் அறிந்ததெல்லாம் பின்னர் வாசித்தும் கேட்டும் அறிந்தவைதான்.

முதலில் அவர் ஆடிய காலத்தைச் சொல்லிவிடுகிறேன். 1908ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் திகதி பிறந்தவர். நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள்! 1928 தொடக்கம் 1947 வரை சரே மாகாண அணியின் வேகப்பந்து வீச்சாளர். சரேயின் சொந்த மைதானம் ஓவல். அந்தக்காலத்து ஓவல் ஆடுகளம் துடுப்பாட்டக்காரருக்குச் சொர்க்கம், வேகப்பந்து வீச்சாளருக்கு நரகம். தார் றோட்டில் பந்து வீசுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியான இடத்தைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு 1936இல் 200 விக்கெற்றுகளும் 1937இல் 201 விக்கெற்றுகளும் எடுத்தார். 1935இல் வூஸ்ரர் நகரில் அடுத்தடுத்த நாலு பந்துகளில் நாலு விக்கெற்றுகளை விழுத்தினார். முதல்தரப் போட்டிகளில் மொத்தம் 1,555 விக்கெற்றுகள்.

இவ்வளவு எடுத்தும் இங்கிலாந்துக்காக ஆடியது நாலே நாலு ரெஸ்ற் போட்டிகள்தான். எடுத்தது எட்டு விக்கெற். முதலாவது ரெஸ்ற் 1936இல் மன்செஸ்ரரில், இந்தியாவுக்கு எதிராக. விஜய் மேர்ச்சன்ரும் முஷ்ராக் அலியும் ஆரம்ப ஜோடியாக 203 ஓட்டங்கள் சேர்த்தார்களே, அந்தப் போட்டிதான். கடைசி ரெஸ்ற் 1946இல் ஓவலில். அதுவும் இந்தியாவுக்கு எதிராகத்தான், அதிலும் மேர்ச்சன்ற் சதம். இரண்டு போட்டிக்கும் நடுவில் பத்து வருடம், ஒரு உலக யுத்தம். நல்ல வயதை யுத்தம் தின்றுவிட்டது. இந்த விசயம் எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்தியா சம்பந்தமாக அவரைப்பற்றி இன்னொரு கதையும் உண்டு. 1937-38இல் லோர்ட் ரெனிசனின் அணியோடு இந்தியாவுக்குச் சுற்றுப்பயணம் போனார். போன இடத்தில் வயிற்றோட்டம். ஒரு போட்டியில் பந்துவீச ஓடி வந்தவர், நடுவரைத் தாண்டி, ஆடுகளத்தைத் தாண்டி, துடுப்பாட்டக்காரரையும் தாண்டி, பந்தைக் கையில் பிடித்தபடியே நேரே உடைமாற்றும் அறைக்குள் ஓடிவிட்டாராம். கொஞ்ச நேரத்தால், பந்தையாவது திருப்பித் தரமுடியுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார்களாம். கிரிக்கெற் விருந்துகளில் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்த கதை இது. அந்தச் சுற்றுப்பயணத்தின் ஐந்து போட்டித் தொடரில் சேப்பாக்கத்தில் இந்தியா வென்றது, தொடரை ரெனிசனின் அணி 3-2 என்று எடுத்தது.

சரி, விசயத்துக்கு வருவோம்.

அந்தச் சுற்றுப்பயணம் முடிந்த 1938ஆம் ஆண்டில்தான் கோவர் ஈஸ்ற் ஹில் கிரிக்கெற் பள்ளியைப் பொறுப்பெடுத்தார். அப்போது வயது முப்பது. அதை விட்டபோது வயது எண்பத்தொன்று. பள்ளி என்றவுடன் பெரிய கட்டிடத்தையும் பச்சைப் புல்வெளியையும் நினைக்கவேண்டாம். கூரைக்குக் கீழே வலை கட்டிய ஒரு சாதாரண மண்டபம். காஸ் விளக்கு வெளிச்சத்தில் ஆடினோம் என்று பழைய மாணவர்கள் நினைவுகூர்வார்கள். வெளியே இலண்டனின் மாரி. உள்ளே வெள்ளைக் காற்சட்டையும் ஸ்வெற்றரும் கழுத்தில் பட்டுத்துணியுமாக வாத்தியார். எழுபது வயதைத் தாண்டிய பின்னரும் வலைக்குள் நின்று சொல்லிக் கொடுத்தார்.

இங்கு முக்கியமான விசயம், உள்ளே யார் வரலாம் என்பது. இங்கிலாந்துக் கிரிக்கெற் வர்க்கம் பார்த்த விளையாட்டு. தொழில்முறை ஆட்டக்காரரையும் கனவான்களையும் பெயர் எழுதும் முறையிலேயே பிரித்து வைத்திருந்தார்கள். இருவருக்கும் தனித்தனி உடைமாற்றும் அறை, சில மைதானங்களில் தனித்தனி வாசல். 1962ஆம் ஆண்டு சீசனோடுதான் அந்தப் பிரிவை ஒழித்தார்கள். அப்படியான நாட்டில் ஈஸ்ற் ஹில் பள்ளிக்கு இருந்தது ஒரே வாசல். காசு கட்டி நேரத்தைப் பதிவு செய்தால் யாரும் வரலாம். பள்ளிக்கூடப் பையன், கந்தோர் லிகிதர், வார இறுதியில் கிளப்புக்கு ஆடும் கிழவர், ரெஸ்ற் வீரர் எல்லாருக்கும் அதே வலை, அதே வாத்தியார்.

இனி அவர் செய்த வேலைக்கு ஒரு உதாரணம்.

1954-55இல் இங்கிலாந்து அணி அவுஸ்திரேலியா போனது. அணியில் பிராங் ரைசன் என்ற இளம் வேகப்பந்து வீச்சாளர். கோவரின் பள்ளியில் பாடம் எடுத்தவர். பிரிஸ்பேனில் நடந்த முதலாவது ரெஸ்ற்றில் நீண்ட தூரம் ஓடிவந்து வீசினார். 160 ஓட்டங்கள் கொடுத்து ஒரே ஒரு விக்கெற். இங்கிலாந்துக்கு ஒரு இனிங்ஸும் 154 ஓட்டங்களும் வித்தியாசத்தில் படுதோல்வி. அந்தச் சமயம் கோவர் பத்திரிகைக்காரராக அவுஸ்திரேலியாவில் நின்றார். ஓட்டத்தைக் குறை, வோண்ட்ஸ்வேர்த் மண்டபத்தில் வீசிய அந்தக் குறுகிய ஓட்டத்துக்கே திரும்பிப் போ என்பதுதான் அவர் சொன்ன யோசனை.

இதிலுள்ள சூட்சுமத்தைப் பாருங்கள். வேகமாக வீச நீளமாக ஓடவேண்டும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். ஆனால் ஓட்டம் அளவுக்கு மிஞ்சினால் பந்தை விடும் கணத்தில் உடம்பில் சக்தி இராது, தாளமும் தப்பிவிடும். மண்டபத்துக்குள் நீளமாக ஓட இடமில்லை. ஆகவே அங்கே பழகியவனுக்குக் குறைந்த தூரத்தில் வேகம் எடுக்கத் தெரிந்திருக்கும். இடப்பற்றாக்குறைதான் பாடமாகிவிட்டது! இதில் வேடிக்கை என்னவென்றால், கோவர் ஆடிய காலத்தில் அவருடைய ஓட்டமே மிக நீளமானது. கையும் காலும் எல்லாத் திசையிலும் ஆட ஓடிவருவார். 1991இல் வெளியான தன் சுயசரிதைக்குக்கூட ‘நீண்ட ஓட்டம்’ என்று பொருள்படும் தலைப்பைத்தான் வைத்தார். தான் செய்ததையே மாணவனும் செய்யவேண்டும் என்று நிற்காத வாத்தியார்.

சிட்னியில் இரண்டாவது ரெஸ்ற். ரைசன் ஓட்டத்தைக் குறைத்தார். துடுப்பெடுத்தாடும்போது லின்ட்வோலின் பந்து தலையில் பட்டு விழுந்தவர், எழும்பி வந்து கடைசி இனிங்ஸில் 85 ஓட்டங்களுக்கு 6 விக்கெற் எடுத்தார். போட்டியில் மொத்தம் பத்து. இங்கிலாந்து 38 ஓட்டங்களால் வென்றது. அடுத்து மெல்பேர்ணில் 27 ஓட்டங்களுக்கு 7 விக்கெற். தொடரை 3-1 என்று இங்கிலாந்து எடுத்தது, ரைசனுக்கு 28 விக்கெற்றுகள். வரலாற்றில் அது ‘ரைசனின் தொடர்’. அதில் பிழையில்லை, பந்தை வீசியவர் அவர்தானே. ஆனால் ஸ்கோர் புத்தகத்தில், பிடி எடுத்தவர் பெயருக்கு இடமுண்டு, பந்து வீசியவர் பெயருக்கு இடமுண்டு, ஓட்டத்தைக் குறை என்று சொன்னவருக்கு இடமில்லை.

ரைசன் பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவில் குடியேறி, பாடசாலை ஆசிரியராகவும் கிரிக்கெற் பயிற்சியாளராகவும் வேலை செய்தார். வாத்தியாரிடம் படித்தவர் வாத்தியாராகவே போனார்.

அடுத்த உதாரணம் எங்களுக்கு இன்னும் கிட்டியது.

1972ஆம் ஆண்டு மாரிகாலத்தில் கரீபியனிலுள்ள அன்ரிகுவாத் தீவிலிருந்து இரண்டு இளைஞர்கள் ஈஸ்ற் ஹில் பள்ளிக்கு வந்தார்கள். அந்தச் சின்னத்தீவின் சனங்கள் காசு சேர்த்து அனுப்பிவைத்த பொடியள். அதுவரை அந்தத் தீவிலிருந்து ஒருவர்கூட மேற்கிந்திய ரெஸ்ற் அணிக்குள் போகவில்லை. வெயில் தேசத்துப் பிள்ளைகளுக்கு முதல் இலண்டன் குளிர் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வந்த புதிதில் கடன் வாங்கிய கோட்டோடு நடந்த எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். ஒரு ஊரே காசு சேர்த்து அனுப்பிவிட்டால் பிள்ளையின் தோளில் ஏறும் பாரமும் தெரியும்.

அந்த இருவரின் பெயர் விவியன் ரிச்சர்ட்ஸ், அன்டி றொபேட்ஸ்.

றொபேட்ஸ் 1974 மார்ச்சில் ரெஸ்ற் அணிக்குள் வந்தார், அன்ரிகுவாவின் முதல் ரெஸ்ற் வீரர். அந்தக் கோடையிலேயே இங்கிலாந்தின் ஹம்சயர் மாகாணத்துக்காக 119 விக்கெற்றுகள். ரிச்சர்ட்ஸ் 1974 நவம்பரில் பெங்களூரில் முதல் ரெஸ்ற் ஆடினார், இரண்டு இனிங்ஸிலும் சந்திரசேகர் அவரைச் சுருட்டினார். அடுத்த டில்லி ரெஸ்ற்றில் ஆட்டமிழக்காமல் 192. பிறகு 1975 ஜனவரியில் சேப்பாக்கம். அந்தப் போட்டியை நான் மறக்கமாட்டேன். ஊரில் பக்கத்துவீட்டு விறாந்தையில் இருந்து இந்திய வானொலியின் ஆங்கில வர்ணனையைக் கேட்டோம். பாதி விளங்காது, ஆனாலும் கேட்போம். முதல் இனிங்ஸில் றொபேட்ஸ் 64 ஓட்டங்களுக்கு 7 விக்கெற். இந்தியா 190. அதில் விஸ்வநாத் தனியொருவராக ஆட்டமிழக்காமல் 97. இரண்டாவது இனிங்ஸில் றொபேட்ஸுக்கு இன்னும் ஐந்து. பன்னிரண்டு விக்கெற் எடுத்தும் அவருடைய அணி 100 ஓட்டங்களால் தோற்றது. விஸ்வநாத்தின் அந்த 97ஐப் பற்றி இன்றும் தமிழ்நாட்டில் கதைக்கிறார்கள். அவரை அப்படி ஆடவைத்த அந்தப் பந்துவீச்சுக்குப் பின்னால் வோண்ட்ஸ்வேர்த்தில் கழிந்த ஒரு மாரிகாலமும் உண்டு என்பதை எத்தனை பேர் கதைத்தார்கள்?

ரிச்சர்ட்ஸையும் றொபேட்ஸையும் கோவர்தான் உருவாக்கினார் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அது அன்ரிகுவாவின் கடற்கரைக்கும் அந்தச் சனங்களுக்கும் செய்யும் அநியாயம். திறமை அவர்களுடையது. ஆனால் திறமையுள்ளவனுக்கு ஒரு கட்டத்தில் பக்கத்தில் நின்று பார்க்கும் ஒரு கண் தேவைப்படுகிறது. தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. கோவர் ஐம்பத்தொரு வருடம் அந்தக் கண்ணாக இருந்தார்.

இதே வேலையை அமெரிக்காவில் செய்த ஒருவரோடு ஒப்பிட்டால் நான் சொல்ல வருவது விளங்கும். அங்கே கல்லூரி பேஸ்போலில் றொட் டீடோ என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணியை 1942 தொடக்கம் 1986 வரை, 45 பருவங்கள் பழக்கினார். லொறிக் கம்பனி ஒன்றை நடத்திப் பிழைத்தவர், பயிற்சிக்கு வாங்கிய சம்பளம் வருடத்துக்கு ஒரே ஒரு டொலர். 1,332 வெற்றிகள். 11 தேசியச் சம்பியன் பட்டங்கள், அதில் 1970 தொடக்கம் 1974 வரை தொடர்ந்து ஐந்து. ரொம் சீவர், றண்டி ஜோன்சன், மார்க் மக்வயர் என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவரிடம் ஆடியவர்கள். 1974இல் அந்தப் பல்கலைக்கழகம் திறந்த மைதானத்துக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். 2006இல் தனது 91வது வயதில் இறந்தார்.

டீடோவுக்கு அணி இருந்தது. அணி இருந்தால் வெற்றி தோல்விக் கணக்கு இருக்கும், கணக்கு இருந்தால் பெயர் நிலைக்கும். கோவருக்கு அணியே இல்லை. அவரிடம் படித்தவர்கள் வெவ்வேறு நாடுகளுக்கு ஆடினார்கள், சிலவேளை ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆடினார்கள். அவர் எத்தனை போட்டி வென்றார் என்று யாரும் எண்ணமுடியாது. எங்கள் ஊர் வாத்திமாருக்கும் இதே நிலைதான், அவர்களின் வெற்றியெல்லாம் மற்றவர்களின் பெயரில் பதிவாகி இருக்கிறது.

கோவருக்கும் கௌரவம் வந்தது, ஆனால் ஆறுதலாக வந்தது. 1980இல் சரே கழகத்தின் தலைவர் பதவி. 1998இல், தொண்ணூறாவது வயதில், எம்.பி.ஈ. பட்டம். அதே 1998 ஓகஸ்ற்றில்தான் அவருடைய ஓவலில் எங்கள் முத்தையா முரளிதரன் ஒரே ரெஸ்ற்றில் 16 விக்கெற் எடுத்து இங்கிலாந்தைச் சுருட்டினார். 2001 ஒக்ரோபர் 7ஆம் திகதி, 93வது வயதில் கோவர் காலமானார்.

முரளி என்றதும் எங்களுக்குள் வாதம் தொடங்கிவிடும். அவருடைய அரசியல் கதைகளை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். நான் இங்கே சொல்லவருவது வேறு. கண்டி சென் அன்ரனீஸ் கல்லூரியில் முரளி முதலில் மிதவேகப் பந்துவீச்சாளர். பதினாலு வயதில் அவரைச் சுழல்பந்துக்கு மாறச்சொன்னவர் கல்லூரிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு வந்தவைதான் 800 ரெஸ்ற் விக்கெற்றுகள். முரளிக்காகச் சண்டை பிடிப்பவர்களிலும், முரளியோடு சண்டை பிடிப்பவர்களிலும் இந்தப் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர்? அதற்கு முந்திய தலைமுறையில் மகாதேவன் சதாசிவம். 1947இல் சேப்பாக்கத்தில் அவர் அடித்த 215ஐ எங்கள் பெரியவர்கள் தாங்கள் நேரில் பார்த்ததுபோலச் சொல்வார்கள். சதாசிவத்துக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவரைப்பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான பெரும்போட்டி 1904இல் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட அந்த வரலாற்றில் எத்தனை மாஸ்ரர்மார் பின்னேரங்களை மைதானத்தில் செலவழித்திருப்பார்கள்! நான் படித்தது வேறொரு சின்னக் கல்லூரியில். எங்களைப் பழக்கியவர் பூமிசாஸ்திரம் படிப்பித்த மாஸ்ரர். கிரிக்கெற் பழக்குவதற்கு அவருக்கு ஒரு சதம் சம்பளம் இல்லை. கயிற்றுப்பாயில் சுண்ணக்கட்டியால் ஒரு சின்ன வட்டம் கீறிவிட்டு, "இதுக்குள்ளை ஆறு பந்து போடு, பிறகு வீட்டை போகலாம்" என்பார். இருட்டும்வரை போட்டிருக்கிறோம். வட்டத்துக்குள் விழாத பந்துகளை அவரே ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார்.

இங்கிலாந்துக்காரருக்குப் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன, வருடாந்தப் புத்தகங்கள் இருக்கின்றன, கோவரின் சுயசரிதை இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது எதுவும் கண்ணில் படாவிட்டாலும், தேடினால் அவரைக் கண்டுபிடிக்கலாம். எங்களுக்கு? 1981இல் யாழ் நூலகம் எரிந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி சனம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது யார் ஸ்கோர் புத்தகத்தைத் தூக்கினார்கள்? பிள்ளையைத் தூக்கினார்கள், அரிசியைத் தூக்கினார்கள். அதுதான் சரியும்கூட. ஆனால் அதன் விளைவு, எங்கள் பயிற்சியாளர்களின் வரலாறு இப்போது இருப்பது அவர்களிடம் படித்தவர்களின் தலைக்குள் மட்டும்தான். அந்தத் தலைகளோ இலண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சிட்னி என்று சிதறிக் கிடக்கின்றன. எல்லாம் நரைத்தும் விட்டன.

இலண்டனில் ஒவ்வொரு கோடையிலும் பழைய மாணவர் சங்கங்கள் கிரிக்கெற் சுற்றுப்போட்டி நடத்துகின்றன. கொத்துரொட்டி உண்டு, கோப்பை உண்டு, கோப்பையில் அனுசரணையாளரின் பெயர் உண்டு. நல்ல விசயம், நானும் போகிறேன். ஆனால் அடுத்தமுறை மலர் வெளியிடும்போது வாழ்த்துச் செய்திகளில் நாலு பக்கத்தைக் குறைத்து, கல்லூரியைப் பழக்கிய மாஸ்ரர்மாரின் பெயர்களைப் போடுங்கள். முழுப்பெயர், எந்த ஊர், எந்த வருடம் தொடக்கம் எந்த வருடம் வரை, என்ன சொல்லிக் கொடுத்தார்... அவ்வளவும் போதும். பட்டப்பெயரையும் போடலாம், அது இல்லாவிட்டால் சிலருக்கு ஆளை அடையாளம் தெரியாது.

நான் எங்கள் மாஸ்ரரின் முழுப்பெயரைத் தேடிப் பிடித்துவிட்டேன். ரொறன்ரோவில் ஒருவர், லா சப்பலில் ஒருவர், ஊரில் ஒருவர் என்று மூன்றுபேரிடம் தொலைபேசியில் விசாரித்து, இனிசலோடு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அவர் பழக்கிய வருடங்கள் பதினேழு. சங்க மலருக்குக் கொடுக்கப்போகிறேன். உங்கள் மாஸ்ரரின் பெயரை நீங்கள்தான் எழுதவேண்டும். எனக்கு அவரைத் தெரியாது.